கூகுளை நீக்கினால் போன் பாதுகாப்பாகிவிடுமா?

"கூகுளிடமிருந்து தப்பிக்க எந்தப் போன் வாங்கலாம்?" என்று கேட்டால், விவரம் தெரிந்தவர்களில் ஒரு சாரார் சொல்லும் பதில்: கூகுள் தயாரிக்கும் பிக்சலை வாங்குங்கள். கேட்டவருக்குத் தலை சுற்றும். இன்னொரு சாரார், கையில் இருக்கும் பழைய போனிலேயே லினியேஜ் ஓஎஸ் என்ற மாற்று இயங்குதளத்தைப் போட்டுக்கொண்டால் போதும் என்பார்கள். மூன்றாவதாக ஒருவர் வந்து, ஆண்ட்ராய்டே வேண்டாம், லினக்ஸ் போனுக்கு மாறுங்கள் என்பார். மூவருமே பொய் சொல்லவில்லை. ஆளுக்கொரு கேள்விக்குப் பதில் சொல்கிறார்கள், அவ்வளவுதான்.

குழப்பம் தீர வேண்டுமென்றால் அந்தக் கேள்விகளை முதலில் பிரித்து வைக்க வேண்டும்.

## தனியுரிமை வேறு, பாதுகாப்பு வேறு

போன் தானாகவே உங்களைப் பற்றி யாரிடம் என்ன சொல்கிறது என்பது தனியுரிமை பற்றிய கேள்வி. இங்கே யாரும் எந்தப் பூட்டையும் உடைப்பதில்லை. போனை முதல்முறை இயக்கியபோது படிக்காமல் 'ஒப்புக்கொள்கிறேன்' என்று அழுத்தினீர்களே, அன்றே வழி திறந்தாயிற்று.

அனுமதி இல்லாத ஒருவர் உள்ளே நுழைய முடியுமா என்பது பாதுகாப்பு பற்றிய கேள்வி. உளவு மென்பொருள், போனைத் திருடியவர், பறிமுதல் செய்த அதிகாரி எல்லோரும் இந்தக் கணக்கில் வருவார்கள்.

இவை இரண்டும் சேர்ந்தே வளர வேண்டும் என்று கட்டாயமில்லை. பல ஆண்டுகளாக அப்டேட் வராத ஒரு போனிலிருந்து கூகுள் தொடர்பான எல்லாவற்றையும் துடைத்து எடுத்துவிட்டால், அது தானாக யாரிடமும் பெரிதாக எதுவும் சொல்லாது. ஆனால் அதன் பழைய ஓட்டைகள் அப்படியே இருக்கும். அவற்றில் ஒன்றைப் பயன்படுத்தத் தெரிந்தவர் உள்ளே வந்துவிட்டால், நீங்கள் கூகுளுக்குத் தராமல் காப்பாற்றி வைத்ததெல்லாம் முன்பின் தெரியாத ஒருவர் கைக்குப் போகும். மறுபக்கம், மாதாமாதம் அப்டேட் ஆகும் புதிய போனை வெளியாள் உடைப்பது கடினம். தகவலைக் கேட்டு வாங்கிக்கொள்ளும் உரிமை மட்டும் தயாரித்தவரிடமே இருக்கிறது.

பாதுகாப்பு இல்லாத தனியுரிமை நிலைக்காது என்பதுதான் இந்தக் கட்டுரையின் பக்கச்சார்பு. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

## கடையிலிருந்து வரும் போன் என்ன பேசுகிறது

ஆண்ட்ராய்டு என்று நாம் சொல்வது இரண்டு அடுக்கு. கீழடுக்கு, மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும் ஏஓஎஸ்பி. அதை யார் வேண்டுமானாலும் எடுத்து மாற்றலாம். மேலடுக்கு, கூகுளின் பிளே சர்வீசஸ். இதன் நிரல் மூடப்பட்டது. சாதாரண செயலிகளுக்கு இல்லாத அதிகாரங்களோடு, பயனர் கழற்றிப் போட முடியாதபடி உட்கார்ந்திருக்கும். நோட்டிஃபிகேஷன், இருப்பிடம், கணக்கு, பேக்கப் எல்லாம் இதன் கையில்.

டப்ளின் டிரினிட்டி கல்லூரியின் டக்ளஸ் லீத் 2021இல் ஒரு பிக்சலையும் ஒரு ஐபோனையும் வைத்து அளந்து பார்த்தார். யாரும் தொடாமல் சும்மா கிடந்தபோதும் இரண்டும் சராசரியாக நாலரை நிமிடத்துக்கு ஒருமுறை தங்கள் நிறுவனத்தோடு தொடர்பு கொண்டன. எண்ணிக்கையில் ஒன்றுதான், அளவில் பெரிய வித்தியாசம்: ஆப்பிளைவிடக் கூகுள் சுமார் 20 மடங்கு தரவைப் பெற்றது. அளந்த முறையே தவறு என்று கூகுள் மறுத்தது.

அதே ஆண்டு அக்டோபரில் வந்த அடுத்த ஆய்வுதான் நம் விஷயத்துக்கு நேரடியாகப் பொருந்துவது. சாம்சங், ஷாவ்மி, ஹுவாவே, ரியல்மி போன்களோடு லினியேஜ் ஓஎஸ், ஈ-ஓஎஸ் என்ற இரண்டு மாற்று இயங்குதளங்களையும் சேர்த்து அளந்தார்கள். ஈ-ஓஎஸ் மட்டும் ஏறக்குறைய எதையும் வெளியே அனுப்பவில்லை. லினியேஜ் போட்ட போனிலிருந்து கூகுளுக்குக் கணிசமாகத் தரவு போனது. காரணம் லினியேஜ் அல்ல. அதன் மேல் கூகுள் செயலித் தொகுப்பை நிறுவியிருந்தார்கள், வழக்கமாகப் பயனர்கள் செய்வதுபோல. ரோமை, அதாவது போனில் ஏற்றும் இயங்குதளத் தொகுப்பை, மாற்றிவிட்டுப் பிளே சர்வீசஸை அதே அதிகாரத்தோடு திரும்பக் கொண்டுவந்து வைத்தால், பழைய கதைதான்.

கூகுள் சேவைகளே இல்லாமல் வைத்தாலும் சின்னச் சின்ன ஒழுகல்கள் மிஞ்சும். ஒன்றைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். போன் ஒரு வைஃபையில் சேர்ந்தவுடன், அதில் உண்மையிலேயே இணையம் இருக்கிறதா என்று சோதிக்க ஒரு முகவரியைத் தட்டும். உள்ளடக்கம் எதுவும் இல்லாமல் 204 என்ற எண் மட்டும் பதிலாக வந்தால் இணையம் இருக்கிறது என்று பொருள். வேறு ஏதாவது வந்தால், விடுதிகளிலும் விமான நிலையங்களிலும் பார்க்கிறோமே, அந்த உள்நுழைவுப் பக்கம் எழும்பும். ஏஓஎஸ்பியில் அந்த முகவரி கூகுளுடையது. எனவே கூகுளின் ஒரு செயலிகூட இல்லாத போனும் ஒவ்வொரு முறை வைஃபை மாறும்போதும் கூகுள் கதவைத் தட்டிவிட்டுத்தான் வரும். இதில் கூகுளுக்குத் தெரிவது ஐபி முகவரியும் நேரமும்தான், பெரிய விஷயமில்லை. ஆனால் "கூகுளே இல்லாத போன்" என்று பெட்டியில் எழுதியிருந்தால் இதைப் போன்றவற்றை மாற்றியிருக்கிறார்களா என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. கிராஃபீன் ஓஎஸ் என்ற மாற்று இயங்குதளம் தன் சொந்த சர்வரைப் பயன்படுத்துகிறது. சோதனையையே அணைத்துவிடவும் விடுகிறது. கூட்டத்தோடு கூட்டமாகத் தெரிய வேண்டுமென்றால் கூகுள் முகவரிக்கே மாற்றிக்கொள்ளவும் வழி வைத்திருக்கிறது. நன்கு யோசித்திருக்கிறார்கள்.

## பூட்லோடர்: எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் பூட்டு

போனின் பவர் பொத்தானை அழுத்தியதும் முதலில் ஓடுவது ஆண்ட்ராய்டு அல்ல. வரிசை இப்படி:

1. சிப்புக்குள் தொழிற்சாலையிலேயே எழுதப்பட்ட, மாற்ற முடியாத சிறு நிரல் விழிக்கிறது. அது, இயங்குதளத்தை ஏற்றும் நிரலான பூட்லோடரின் டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்க்கிறது.
2. பூட்லோடர், அடுத்து வரும் கெர்னலும் (இயங்குதளத்தின் மையப் பகுதி) மற்ற இயங்குதளமும் நம்பிக்கைக்குரிய சாவியால் கையொப்பமிடப்பட்டவையா என்று பார்க்கிறது.
3. இயங்குதளம் ஓடும்போது வட்டிலிருந்து படிக்கப்படும் ஒவ்வொரு துண்டும் மூலத்தோடு ஒப்பிடப்படுகிறது. ஒரு பைட் மாறியிருந்தாலும் பிடிபடும்.

இந்தச் சங்கிலிக்குச் சரிபார்க்கப்பட்ட தொடக்கம் என்று பெயர். வேறு இயங்குதளம் போட வேண்டுமானால் பூட்லோடரைத் திறக்க வேண்டும். திறந்தவுடன் சங்கிலியின் இரண்டாவது கண்ணி அறுந்துவிடும். என்ன கொடுத்தாலும் ஏற்றிக்கொள்ளும். அந்த நிலையில் போன் ஒவ்வொரு முறையும் ஆரஞ்சு நிற எச்சரிக்கை காட்டும். புதிய இயங்குதளத்தின் சாவியைப் பதித்துவிட்டு மறுபடியும் பூட்ட முடிந்தால் எச்சரிக்கை மஞ்சளாக மாறும்: "வேறு தளம்தான், ஆனால் சரிபார்த்துவிட்டேன்" என்று அர்த்தம். சிவப்பு வந்தால் ஏதோ கெட்டுப்போயிருக்கிறது அல்லது யாரோ மாற்றியிருக்கிறார்கள்.

"என் போனை யார் கையிலும் கொடுப்பதில்லை, பூட்லோடர் திறந்திருந்தால் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் இந்தச் சங்கிலியின் பயன் கைக்குக் கை மாறும் ஆபத்தோடு முடிவதில்லை. இணையம் வழியாக நுழைந்த உளவு மென்பொருள் போனில் நிலையாகத் தங்க வேண்டுமென்றால் இயங்குதளக் கோப்பு எதையாவது மாற்றியாக வேண்டும். சங்கிலி முழுமையாக இருந்தால் அடுத்த ரீஸ்டார்ட்டில் மாட்டிக்கொள்ளும். அறுந்திருந்தால் குடித்தனம் பண்ணிக்கொண்டு இருக்கலாம்.

பெரும்பாலான போன் நிறுவனங்கள் சொந்தச் சாவியோடு மறுபடி பூட்ட விடுவதில்லை. சிலர் திறக்கவே விடுவதில்லை. பிக்சல் இரண்டையும் முறையாக அனுமதிக்கிறது. கூகுளிடமிருந்து தப்பிக்கக் கூகுள் போன் என்ற விநோதமான அறிவுரைக்கு முதல் காரணம் இதுதான்.

## பேட்ச் தேதி ஒன்றல்ல, இரண்டு

அமைப்புகளில் 'ஆண்ட்ராய்டு பாதுகாப்பு அப்டேட்' என்று ஒரு தேதி இருக்கும். ஓட்டைகளை அடைக்கும் பேட்ச் எந்தத் தேதி வரை வந்திருக்கிறது என்பதை அது சொல்லும். மாற்று இயங்குதளங்களில் அந்தத் தேதி பெரும்பாலும் புதிதாகவே இருக்கும். அதை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது.

ஒரு போனின் மென்பொருள் இரு இடங்களிலிருந்து வருகிறது. ஏஓஎஸ்பி பகுதியை யார் வேண்டுமானாலும் புதுப்பிக்கலாம். ஆனால் மோடம், வைஃபை, கேமரா, கிராஃபிக்ஸ் ஆகியவற்றின் ஃபர்ம்வேரும் (வன்பொருளுக்குள்ளேயே ஓடும் நிரல்) டிரைவர்களும் (வன்பொருளோடு இயங்குதளம் பேச உதவும் நிரல்கள்) சிப் தயாரிப்பாளரிடமிருந்து மூடிய கோப்புகளாக வருபவை. அவர் நிறுத்திவிட்டால் அந்த ஓட்டைகளை உலகில் வேறு யாராலும் முறையாக அடைக்க முடியாது. லினியேஜ் ஓஎஸ் இதில் நேர்மையானது. அதன் 'டிரஸ்ட்' பக்கத்தில் இயங்குதளப் பேட்ச் நிலையையும் தயாரிப்பாளர் பகுதியின் பேட்ச் நிலையையும் தனித்தனியாகக் காட்டுகிறது. பழைய போனில் பார்த்தால் முதல் வரி போன மாதத் தேதியையும் இரண்டாவது வரி சில ஆண்டுகளுக்கு முந்தைய தேதியையும் சொல்லும். உங்கள் போனின் உண்மையான வயது இரண்டாவது வரியில்தான் இருக்கிறது.

பிக்சல் 8 முதல் 7 ஆண்டுகள் அப்டேட் என்று கூகுள் அறிவித்ததை இந்தக் கோணத்தில் பார்க்க வேண்டும். அந்த 7 ஆண்டுகளும் அதில் ஓடும் மாற்று இயங்குதளத்துக்கும் சேர்ந்தே கிடைக்கும்.

## கூகுள் சேவை இல்லாமல் எப்படிச் சமாளிக்கிறார்கள்

பல செயலிகள் நோட்டிஃபிகேஷனுக்கும் வரைபடத்துக்கும் பிளே சர்வீசஸை நம்பியிருக்கின்றன. அது இல்லையென்றால் திறக்காது, அல்லது பாதி வேலை செய்யும். இதற்கு மூன்று வழிகள் புழக்கத்தில் உள்ளன.

1. ஒன்றுமே வைக்காமல் இருப்பது. எஃப்-டிராய்டு போன்ற கடைகளிலிருந்து திறந்த மூலச் செயலிகள் மட்டும். தனியுரிமைக்கு மிகச் சுத்தமான வழி. ஆனால் வங்கி, டாக்ஸி போன்ற அன்றாடச் செயலிகளில் பல முரண்டு பிடிக்கும்.

2. மைக்ரோஜி. பிளே சர்வீசஸ் செய்யும் வேலைகளில் ஒரு பகுதியைத் திறந்த மூலமாகத் திரும்ப எழுதியது. கூகுளுக்குப் போகும் தரவு வெகுவாகக் குறையும். ஆனால் "நான்தான் பிளே சர்வீசஸ்" என்று மற்ற செயலிகளை நம்பவைக்க, கையொப்பத்தைப் போலியாகக் காட்டும் சலுகையை இயங்குதளம் அதற்குத் தர வேண்டும். நோட்டிஃபிகேஷன் வேண்டுமென்றால் அது கூகுள் சர்வர் வழியாகத்தான் வந்தாக வேண்டும். ஈ-ஓஎஸ், ஐயோடே ஓஎஸ், காலிக்ஸ் ஓஎஸ் எல்லாம் இந்த வழி.

3. கூண்டுக்குள் பிளே. கிராஃபீன் ஓஎஸ் கண்டுபிடித்த வழி. அசல் பிளே சர்வீசஸையே நிறுவலாம், ஆனால் சாதாரணச் செயலியாக மட்டும். கேமராவும் தொடர்புப் பட்டியலும் நீங்கள் அனுமதித்தால்தான் கிடைக்கும். தனியாக ஒரு பயனர் கணக்கு உண்டாக்கி அதற்குள் மட்டும் அடைத்துவைக்கலாம். வேண்டாமென்றால் மற்ற செயலியைப் போல நீக்கிவிடலாம்.

கொள்கைப் பிடிப்புள்ளவர்களுக்கு மூன்றாவது வழி உறுத்தும்: மூடிய நிரல் மூடிய நிரல்தானே? உண்மைதான். ஆனால் மைக்ரோஜி வைத்த போனிலும் செயலிகள் தங்களுக்குள்ளேயே கூகுளின் மூடிய நிரல் துண்டுகளைச் சுமந்துகொண்டுதான் வருகின்றன. என் கணக்கில், அதிகாரத்தைப் பிடுங்குவது பெயர்ப்பலகையை மாற்றுவதைவிடப் பயனுள்ளது.

## ஒவ்வொன்றாக

கிராஃபீன் ஓஎஸ். டேனியல் மிகே 2014இல் தொடங்கிய பணி. இப்போதைய பெயர் 2019இல் வந்தது. மற்றவை கூகுளைக் கழிப்பதில் கவனம் வைக்க, இது ஆண்ட்ராய்டின் சுவர்களையே தடிமனாக்குகிறது. செயலிகளுக்கு இணைய அனுமதியை மறுக்கலாம். சென்சார் அனுமதியையும் மறுக்கலாம். எல்லாப் படங்களையும் கேட்டு அடம்பிடிக்கும் செயலிக்கு நீங்கள் தேர்ந்தெடுத்த நாலு படங்களை மட்டும் காட்டி, அதுவே முழுத் தொகுப்பு என்று நம்பவைக்கலாம்.

இதன் தனிச்சிறப்பு நினைவகத்தில் இருக்கிறது. போன்களில் வரும் மோசமான ஓட்டைகளில் பெரும்பகுதி, நிரல் ஒன்று தனக்கு ஒதுக்காத இடத்தில் கை வைப்பதால் வருபவை. பிக்சல் 8 முதல் சிப்பிலேயே இதற்கு ஒரு வசதி உண்டு. நினைவகத்தின் ஒவ்வொரு 16 பைட்டுக்கும் ஒரு சிறு அடையாளக் குறி. அந்த இடத்தைச் சுட்டும் சுட்டியிலும் அதே குறி. இடத்தை விடுவித்ததும் குறி மாறும். பழைய சுட்டியோடு யாராவது வந்தால் குறி பொருந்தாமல் நிரல் அங்கேயே நின்றுவிடும். மொத்தம் 16 குறிகள்தான் என்பதால் அதிர்ஷ்டத்தில் பொருந்திப்போக இடமுண்டு. ஆனால் தாக்குபவர் அதிர்ஷ்டத்தை நம்பித் தொழில் நடத்த முடியாது. கிராஃபீன் இதைத் தன் தளத்தில் இயல்பாகவே இயக்கிவைத்திருக்கிறது. ஆப்பிளும் 2025இல் ஐபோன் 17 வரிசையில் இதே கருத்தின் மேம்பட்ட வடிவத்தைக் கொண்டுவந்தது.

குறை என்னவென்றால், இதுவரை பேசிய தகுதிகளை எதிர்பார்ப்பதால் வருடக்கணக்கில் பிக்சலைத் தாண்டி வேறு எதையும் இது ஏற்கவில்லை. கையில் பிக்சல் இல்லாதவருக்கு இந்தப் பத்தி முழுவதும் ஏட்டுச் சுரைக்காய்.

லினியேஜ் ஓஎஸ். 2016 டிசம்பரில் மூடப்பட்ட சயனோஜென்மாட் என்ற மாற்று ஆண்ட்ராய்டுப் பணியின் வாரிசு. நோக்கம் பழைய போன்களுக்கு மறுவாழ்வு. அதில் இதற்கு நிகரில்லை. ஆனால் பெரும்பாலும் பூட்லோடர் திறந்தபடியே இருக்கும். தயாரிப்பாளர் கைவிட்ட போனில் பழைய ஆண்ட்ராய்டோடு இருப்பதைவிட லினியேஜ் நிச்சயம் மேல். இன்னும் அப்டேட் வந்துகொண்டிருக்கும் புதிய போனில் அதைப் போட்டால், பாதுகாப்பில் ஒரு படி கீழே இறங்குகிறீர்கள். ஒரே இயங்குதளம்தான், போனைப் பொறுத்து விடை தலைகீழாகிறது.

ஈ-ஓஎஸ். மாண்ட்ரேக் லினக்ஸைத் தொடங்கிய கயேல் டுவால் ஆரம்பித்தது, லினியேஜின் மேல் கட்டியது. கடையில் ஏற்கெனவே போட்டே விற்கும் போன்களும் உண்டு என்பதால், எதையும் ஃபிளாஷ் செய்யத் தெரியாதவருக்கு எளிது. தனியுரிமைக் கணக்கில் டப்ளின் ஆய்வில் தேறியதைப் பார்த்தோம். பேட்ச்கள் தாமதமாக வருவது இதன் மேல் உள்ள நீண்டநாள் புகார்.

காலிக்ஸ், டைவெஸ்ட். இந்த இரண்டும் வேறொரு பாடம். பிக்சலில் பூட்லோடரைப் பூட்டி மைக்ரோஜியோடு ஓடிய காலிக்ஸ், 2025 ஆகஸ்ட்டில் நிறுவனர் விலகலைத் தொடர்ந்து வெளியீடுகளை நிறுத்திவைத்தது. பழைய போன்களை முடிந்தவரை இறுக்கிக் கொடுத்த டைவெஸ்ட், ஏறக்குறைய ஒரே ஆளின் உழைப்பு. 2024 டிசம்பரில் முடிந்துபோனது. இயங்குதளத்தைத் தேர்ந்தெடுப்பது ஒருநாள் வேலை அல்ல. அதைப் பராமரிப்பவர்கள் எத்தனை பேர், பணம் எங்கிருந்து வருகிறது என்பதும் பாதுகாப்பு விவரம்தான்.

லினக்ஸ் போன்கள். உபுண்டு லினக்ஸை உருவாக்கும் கனோனிக்கல் நிறுவனம் 2017இல் கைவிட, யுபிபோர்ட்ஸ் சமூகம் எடுத்து வளர்க்கும் உபுண்டு டச். போனுக்குப் பத்தாண்டு ஆயுள் என்ற கனவோடு தொடங்கிய போஸ்ட்மார்க்கெட் ஓஎஸ். நோக்கியாவிலிருந்து வெளிவந்தவர்கள் உண்டாக்கிய யொல்லா நிறுவனத்தின் செயில்ஃபிஷ். இவற்றில் கண்காணிப்பு இல்லை, விளம்பர அடையாள எண் இல்லை. மனதுக்கு இதமான உலகம். ஆனால் மேசைக் கணினி லினக்ஸின் மரபு, பயனர் நிறுவிய நிரலை நம்புவது. ஒவ்வொரு செயலியையும் சந்தேகிப்பது ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ் மரபு. உபுண்டு டச்சும் செயில்ஃபிஷும் செயலிகளை ஓரளவு அடைத்துவைக்கின்றன. போஸ்ட்மார்க்கெட்டில் வழக்கமான முறையில் நிறுவிய ஒரு நிரல் உங்கள் கோப்புகள் எல்லாவற்றையும் படிக்கலாம், யாரும் கேட்கமாட்டார்கள். லிப்ரம் 5, பைன்போன் ஆகிய லினக்ஸ் போன்களில் மைக், கேமரா, மோடத்தை மின்சாரத்தோடு துண்டிக்கும் சுவிட்சுகள் உண்டு. அதற்கு ஈடான வசதியை எந்த மென்பொருளாலும் தர முடியாது. ஆனால் போனே பறிபோனால் பின் எண்ணைக் காக்கத் தனிச் சிப் இல்லை. ஆறு இலக்கப் பின்னுக்கு 10 லட்சம் சாத்தியங்கள்தான், கணினிக்கு அது ஒரு வேலையே இல்லை. பிக்சலிலும் ஐபோனிலும் உள்ள பாதுகாப்புச் சிப், தவறான முயற்சி கூடக்கூடக் காத்திருப்பு நேரத்தை ஏற்றிக்கொண்டே போகும். அதனால்தான் அங்கே சின்னப் பின் எண்கூடத் தாக்குப்பிடிக்கிறது.

ஐபோன். மாற்று இயங்குதளப் பட்டியலில் சேராது, அளவுகோலாக மட்டும். பாதுகாப்பில் பெரும்பாலான மாற்று ஆண்ட்ராய்டுகளைவிட மேல். 2022இல் வந்த, தாக்குதலுக்கு வழிவிடக்கூடிய வசதிகளை முடக்கிவைக்கும் லாக்டவுன் மோட், இலக்கு வைத்துத் தாக்கப்படுபவர்களுக்கான உண்மையான கருவி. ஆப்பிளை நம்பியே ஆக வேண்டும் என்பதுதான் விலை.

## போன் மற்றவர் கையில் இருக்கும்போது

இதில் ஒரு நுணுக்கம் பலருக்குத் தெரியாது. போனை ரீஸ்டார்ட் செய்துவிட்டு, பின் எண் போடாமல் வைத்திருங்கள். உங்கள் தொடர்புப் பட்டியலில் உள்ள ஒருவரிடம், அவர் போனிலிருந்து உங்களை அழைக்கச் சொல்லுங்கள். மணி அடிக்கும், ஆனால் பெயர் வராது, வெறும் எண் மட்டும் வரும். ஏனென்றால் தொடர்புப் பட்டியல் உட்பட உங்கள் தரவு மொத்தமும் இன்னும் குறியாக்கத்தில் பூட்டிக் கிடக்கிறது. அதைத் திறக்கும் சாவி உங்கள் பின் இல்லாமல் உருவாகாது. ஒருமுறை பின் போட்டுவிட்டால் சாவி நினைவகத்தில் உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் திரையைப் பூட்டினாலும் அது அங்கேயேதான் இருக்கும். அடுத்த அழைப்பில் பெயர் வரும்.

போனை உடைக்கும் கருவி விற்பவர்களின் தொழில் பெரும்பாலும் இந்த இரண்டாவது நிலையை நம்பியது. செர்பியாவில் ஒரு மாணவச் செயற்பாட்டாளரின் சாம்சங் போன், அப்படிப்பட்ட நிறுவனமான செலிபிரைட்டின் கருவியால் திறக்கப்பட்டதை 2025 பிப்ரவரியில் மனித உரிமை அமைப்பான அம்னெஸ்டி வெளிப்படுத்தியது. யுஎஸ்பி துளை வழியாக வெவ்வேறு சாதனங்கள்போல வேடமிட்டு, லினக்ஸ் கெர்னலில் இருந்த பழைய டிரைவர்களின் ஓட்டைகளைப் பயன்படுத்தியிருந்தார்கள். அவற்றில் ஒன்று வீடியோ கேமராவுக்கான டிரைவர். பூட்டிய போனில் யாராவது வெப்கேமராவைச் செருகுவார்களா? ஆனாலும் டிரைவர் காத்துக்கொண்டிருந்தது.

கிராஃபீன் இதற்கு எளிய பதில் வைத்திருக்கிறது: திரை பூட்டியிருக்கும்போது யுஎஸ்பி துளை சார்ஜ் மட்டுமே ஏற்கும், புதிய சாதனம் எதையும் பேசவிடாது. 18 மணி நேரம் யாரும் திறக்காவிட்டால் போன் தானாக ரீஸ்டார்ட் ஆகி முதல் நிலைக்குத் திரும்பும். ஐஓஎஸ் 18.1இலிருந்து ஆப்பிளும், 2025இல் கூகுளும், மூன்று நாள் கெடுவோடு இதைப் பின்பற்றின. 2024இல் வெளியே கசிந்த செலிபிரைட் ஆவணங்களில், 2022 இறுதிக்குப் பிந்தைய அப்டேட் பெற்ற கிராஃபீன் போன்களைத் திறக்க முடியவில்லை என்றே குறிக்கப்பட்டிருந்தது. விளம்பரத்தை நம்பாதவர்கள் எதிரியின் குறிப்பேட்டை நம்பலாம்.

## எந்த இயங்குதளமும் தீர்க்காதவை

1. எந்த டவரோடு பேசுகிறீர்கள் என்பது சிம் நிறுவனத்துக்குத் தெரிந்தே தீரும். போன் அழைப்பும் சாதாரண எஸ்எம்எஸ்ஸும் அவர்களுக்குத் திறந்த புத்தகம்.
2. மோடம் தனி ஃபர்ம்வேரோடு ஓடும் தனிக் கணினி. மற்ற நினைவகத்திலிருந்து அதைத் தடுத்துவைக்கலாம், அதன் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க முடியாது.
3. பழைய கணக்குகளோடு பழைய செயலிகளையே போட்டால், அந்தச் சேவைகளுக்கு நீங்கள் கொடுத்துவந்தது தொடரும். இயங்குதளம் வாசலில்தான் காவல் நிற்கும். நீங்களே கையில் எடுத்துக் கொடுப்பதைத் தடுக்காது.

## வங்கிச் செயலி ஏன் திறக்கவில்லை

பல செயலிகள் பிளே இன்டெக்ரிட்டி என்ற கூகுள் சேவையிடம் "இந்தப் போன் நம்பத் தகுந்ததா" என்று கேட்கின்றன. கூகுள் சான்றளித்த இயங்குதளமா என்பதுதான் அங்கே முக்கிய அளவுகோல். விளைவு வேடிக்கையானது: பல ஆண்டுகள் அப்டேட் காணாத சான்றிதழ் போன் இடைநிலைச் சோதனையில் தேறிவிடும், நேற்று பேட்ச் ஆகி, பூட்லோடர் பூட்டிய கிராஃபீன் போன் தேறாது. இது பாதுகாப்புச் சோதனை என்ற பெயரில் நடக்கும் உரிமச் சோதனை. செயலி உருவாக்குபவர் விரும்பினால் சிப்பிடமே நேரடியாகச் சான்று கேட்டு மாற்றுத் தளங்களின் சாவியையும் ஏற்கலாம். சிலர் செய்கிறார்கள், பலர் செய்வதில்லை. மாறுவதற்கு முன் நீங்கள் தினமும் பயன்படுத்தும் செயலிகளை இந்தக் கண்ணோடு ஒருமுறை விசாரித்துவிடுவது நல்லது.

## கூகுள் கதவைச் சாத்துகிறதா

2025 மார்ச்சில் ஆண்ட்ராய்டு உருவாக்கம் முழுவதையும் உள்ளுக்குள் நகர்த்துவதாகக் கூகுள் அறிவித்தது. நிரல் வெளியீட்டின்போதுதான் பொதுவில் வரும். ஜூனில் ஆண்ட்ராய்டு 16 வந்தபோது, பிக்சலுக்கான சாதனக் கோப்புகளை வழக்கம்போல் ஏஓஎஸ்பியோடு தரவில்லை. மாற்றுத் தளங்களைக் கட்டுபவர்களுக்கு வேலை கூடியது. ஆகஸ்ட்டில் அடுத்த அறிவிப்பு: சான்றிதழ் பெற்ற ஆண்ட்ராய்டு போன்களில் நிறுவப்படும் செயலிகளை உருவாக்குபவர்கள், கடைக்கு வெளியே விநியோகித்தாலும், தங்கள் அடையாளத்தைக் கூகுளிடம் பதிய வேண்டும். 2026 செப்டம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்தில் தொடங்கி அப்புறம் மற்ற நாடுகளுக்கு என்பது திட்டம். எதிர்ப்புக்குப் பிறகு, அனுபவமுள்ள பயனர்களுக்குத் தனி வழி விடுவதாகச் சற்று இறங்கிவந்தது. சான்றிதழ் பெறாத மாற்றுத் தளங்களை இந்த விதி நேரடியாகக் கட்டாது. ஆனால் எஃப்-டிராய்டில் செயலி தரும் தன்னார்வலர்களில் பலர் ஒதுங்கிவிட்டால், மாற்றுப் போனில் நிறுவுவதற்கு என்ன மிஞ்சும்?

## தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டியவை

1. யாரிடமிருந்து மறைக்க வேண்டும்? விளம்பர நிறுவனங்களிடமிருந்து மட்டும் என்றால் ஈ-ஓஎஸ் போன்றவை போதும். போன் பறிமுதலாகலாம், இலக்கு வைத்துத் தாக்கப்படலாம் என்ற நிலையில் இருப்பவருக்குக் கிராஃபீன், அல்லது லாக்டவுன் மோடில் ஐபோன்.
2. போனின் தயாரிப்பாளர் இன்னும் ஃபர்ம்வேர் அப்டேட் தருகிறாரா? இல்லையென்றால் எந்த ரோமும் முழுத் தீர்வல்ல.
3. நிறுவிய பிறகு பூட்லோடரை மறுபடி பூட்ட முடியுமா?
4. இயங்குதளத்தின் கடைசி வெளியீடு எப்போது? அதற்கு முந்தையது? இடைவெளிகளைப் பாருங்கள்.

மூன்றாவது கேள்விக்கு 'முடியும்' என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் பூட்டுங்கள். ஆதரிக்காத ரோமின் மேல் பூட்டினால் போன் செங்கல்லாகிவிடும். பூட்டும்போது தரவு முழுவதும் அழியும் என்பதால் அதைச் செயலிகளை நிறுவுவதற்கு முன்பே செய்துவிட வேண்டும். அப்புறம் முதல்முறை இயக்கும்போது வரும் மஞ்சள் எச்சரிக்கையை அவசரப்பட்டுத் தாண்ட வேண்டாம். பிக்சலில் அந்தத் திரையிலேயே சாவியின் அடையாளம் நீண்ட எழுத்து வரிசையாக இருக்கும். கிராஃபீன் தன் தளத்தில் ஒவ்வொரு மாடலுக்கும் அதை வெளியிட்டிருக்கிறது. அந்தப் பக்கத்தை வேறொரு சாதனத்தில் திறந்து, இரண்டையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுவிட்டு, டெவலப்பர் அமைப்புகளில் பூட்லோடர் திறக்கும் அனுமதியை அணையுங்கள்.